இரண்டு பிள்ளைக்கு ஊறும் பால்

ஜூன் 2, திங்கள்

அக்காளையும் பிள்ளையையும் இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஆட்டோவில் பிள்ளை என் மடியில் தூங்கியது. அக்காளுக்கு இன்னும் அதைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. பிரசவத்தில் அவ்வளவு ரத்தம் போயிருந்தது. உயிர் தங்கியதே பெரிது என்று டாக்டரம்மா சொன்னபோது அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அக்காள் கண் திறக்காமல் கிடந்த நாட்களில் பிள்ளைக்கு டின் பால்தான். நர்ஸ் எஸ்தர் சிஸ்டர்தான் எனக்குக் கலக்கச் சொல்லித் தந்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, கொஞ்சம் ஆறியதும் அளந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் முதலில், பொடி பிறகு. டின்னுக்குள் கிடக்கும் கரண்டியைத் தவிர வேறு கரண்டி தொடக் கூடாது. குவிக்காமல், அமுக்காமல், கத்தி முதுகால் வழிக்க வேண்டும். பிள்ளை குடித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். புட்டியைவிடச் சங்கு நல்லது, கழுவ லேசு. இதையெல்லாம் நான் திருப்பிச் சொன்னதும், "நீ நர்சிங் படிக்கியாம்மா?" என்று கேட்டார். "இல்ல சிஸ்டர், ஒம்பதாங் கிளாசோட நின்னுட்டேன்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

அக்காளிடம், "வர்றதைக் குடுங்க, மிச்சத்துக்கு இது இருக்கு. வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்றார். அக்காள் தலையாட்டினாள். ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பிடாதி, டின் பால் விசயம் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா மதினிக்கு" என்றாள்.

டின் இப்போது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மதினி என்றால் அத்தானின் அக்காள் பூரணத்தம்மாள். நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். அத்தானை வளர்த்து ஆளாக்கியவர்கள் அவர்கள்தான். எங்களுக்கு அம்மா இல்லை என்பதால் அக்காளுக்குத் தலைப்பிரசவத்தை அவர்களே தன் செலவாக எடுத்துக்கொண்டார்கள். இன்று காலையில் பால் ஊறுவதற்கென்று தூத்துக்குடியிலிருந்து பால்சுறா வரவழைத்துப் புட்டு செய்து, பூண்டை உரலில் தட்டி, ஒரு போசி நிறையக் கொண்டு வந்தார்கள். துணி துவைக்க என்னை விடவில்லை. "நீ பச்சப்பிள்ள, தள்ளு அங்கிட்டு" என்று தானே துவைத்தார்கள். இப்படிப்பட்டவர்களிடம் ஒளிக்கிறோம்.

ஆனால் ஒளிக்காமலும் முடியாது. எதிர்வீட்டுக் கிட்டம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தங்கச்சி மகனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அவனுக்கு என்ன, டின் பால்ல வளந்தவன். அஞ்சாங் கிளாசு வந்தும் வாய்ப்பாடு வரல" என்றார்கள் கிட்டம்மாள்.

"பெத்தவளுக்குக் குடுக்க மனசில்ல. அழகு போயிரும்னு பயம்" என்றார்கள் மதினி. "எங்க செல்வியப் பாரு. செத்துப் பொழச்சு வந்தும் பிள்ளைய மாரை விட்டு இறக்கல."

அக்காள் முகம் வெளுத்துவிட்டது. அதே நேரம் பிள்ளை பசித்து அழுதது. எல்லாரும் அக்காளைப் பார்த்தார்கள். அக்காள் பிள்ளையை எடுத்துக்கொண்டு எழுந்து, "நாலு பேருக்கு முன்னால வேண்டாம் மதினி. கண்ணு பட்டுரும்" என்று சொல்லி உள்ளறைக்குப் போனாள். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் தலையணை உறை எடுக்கப் போவதுபோல் சங்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வெளியே மதினி, "பாத்தியளா, இந்தக் காலத்துப் பிள்ளைல இவ்வளவு வெவரம் ஆருக்கு இருக்கு" என்று மெச்சியது கேட்டது.

உள்ளே அக்காள் முதலில் பிள்ளையை மாரில்தான் போட்டாள். எப்போதும் அப்படித்தான் செய்கிறாள். கொஞ்சம் வந்தது. பிறகு பிள்ளை முகத்தைத் திருப்பி வீறிட்டது. நான் சங்கைக் கொடுத்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். பிள்ளைக்கு மட்டும்தான் வேலை.

ஜூன் 9, திங்கள்

பிள்ளை சிரித்தது. அத்தான் அது வாயு என்றார். நான் சிரிப்பு என்றே எழுதுகிறேன்.

ஜூன் 14, சனி

மதினியின் மகள் சங்கரிக்கு ஆண் பிள்ளை. சுகப்பிரசவம். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள் மதினி. சங்கரிக்கு அக்காளைவிட இரண்டு வயதுதான் குறைவு, ஆனாலும் முறைக்கு அத்தை என்று கூப்பிடுவாள். நான் போய்ப் பார்த்தேன். "வாட்டி முப்பிடாதி" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னாள். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடுகிறது. என் பேச்சு யாருக்கும் கேட்பதில்லை, நானும் திரும்பச் சொல்வதில்லை. சங்கரி மட்டும் என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டு வந்து கேட்பாள். அவளும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

அத்தான் புது டின் வாங்கி வந்தார். தெருமுனைக் கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், நூல் கண்டு பைக்குள் வைத்துக் கொண்டு வருகிறார். தறியில் ஒரு நாள் நின்றாலும் சம்பளம் போகும் மனுசன். டின் பால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலி டின்னைச் சாக்கில் சுற்றிக் குளத்துப் பக்கம் போட்டுவிட்டு வருவது என் வேலை.

கிட்டம்மாள் பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "என்னத்தட்டி குடுக்க, இப்படிக் கொழுகொழுன்னு இருக்கா?" என்று கேட்டார்கள்.

"பூண்டும் சுறாவும்" என்றாள் அக்காள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காளுக்கும்தான். கிட்டம்மாள் போன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்மா போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இப்படிச் சிரித்தது நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் என்ன பொம்பளடி" என்றாள். நான் பிள்ளையின் காலைப் பிடித்து அவள் கன்னத்தில் வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

சங்கரிக்குப் பால் போதவில்லையாம். மதினி வாசலில் நின்று சொன்னார்கள். "ரத்தமெல்லாம் போயிக் கிடந்த எந்தம்பி பெண்டாட்டிக்கு இப்படி ஊறுது. என் வீட்டுல பொறந்து நெய்யுஞ்சோறும் தின்னவளுக்கு ஊறல. அவளுக்கு ஊற வைக்கணும்னு எண்ணம் இல்ல. எந்நேரமும் போனு."

"டின் பால் வாங்கிக் குடுத்துப் பாக்கலாமே மதினி" என்றாள் அக்காள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"நீயா சொல்லுத? நீ குடுத்தியா? செல்வியால முடியுது, உன்னால ஏன் முடியாதுன்னுதான் அவளக் கேக்கேன்."

மத்தியானம் அக்காளின் சோறு அப்படியே இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று மதினி சங்கரி பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "ஏ செல்வி, உனக்குத்தான் ரெண்டு பிள்ளைக்கு ஊறுதே. இவனுக்கும் ஒரு வாய் குடு. நம்ம ரத்தம்தானே" என்று அக்காள் மடியில் வைத்துவிட்டார்கள்.

அக்காளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கண்ணு பட்டுவிடக் கூடாதென்று மதினி தானே கதவைச் சாத்தினார்கள். நான் பின்வாசல் வழியாக வந்தேன். அக்காள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எனக்குச் சங்கு ஒன்றுதான் தெரியும். கலந்து கொண்டு வந்தேன்.

பையன் கனமே இல்லை. எங்கள் பிள்ளையைவிடப் பிந்திப் பிறந்தவன்தான், ஆனாலும் இது வேறு. அழவில்லை. உதட்டில் ஒரு சொட்டு வைத்ததும் நாக்கை நீட்டினான். சொட்டுச் சொட்டாகக் குடித்தான். அரைச் சங்கு போனதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் சாமி படத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் மதினி அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காளுக்கு நெட்டி முறித்தார்கள். "மகராசி" என்றார்கள். தெருவில் போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஜூலை 2, புதன்

இன்றும் கொண்டு வந்தார்கள். கால் சங்குதான் குடித்தான். சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மூத்திரத் துணி நனைந்துகொண்டே இருந்தால்தான் பிள்ளைக்குப் பால் போதுகிறது என்று அர்த்தம், அதைப் பார்த்துக்கொள் என்று எஸ்தர் சிஸ்டர் சொல்லியிருந்தார்.

அக்காளிடம் சொன்னேன். "ரெண்டு வேளை வரச் சொல்லுவோம். நாம குடுத்துருவோம். தேறிருவான்" என்றாள். "ரெண்டு வேளை போதுமாக்கா?" என்று கேட்டேன். "அப்போ என்ன செய்யச் சொல்லுத? போயி என் மானத்த ஏலம் போடச் சொல்லுதியா?" என்றாள். அவள் என்னைத் திட்டியதே இல்லை. இன்று திட்டிவிட்டு அவளே அழுதாள்.

ஜூலை 3, வியாழன்

சங்கரியைப் பார்க்கப் போனேன். சுவரோரம் படுத்திருந்தாள். என்னைப் பார்த்தும் வாட்டி என்று கூப்பிடவில்லை. சேலை முன்புறம் நனைந்திருந்தது. "பால் வருதே" என்று மெதுவாகச் சொன்னேன். இந்த முறை அவள் காதைக் கொண்டு வரவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டது.

"வந்து என்ன செய்ய? வாயில வச்சா உறிஞ்ச மாட்டேங்கான். எம்பாலு அவனுக்கு ஆகல. செல்வி அத்தை பாலுன்னா குடிக்கான்னு எங்கம்மா சொல்லுதா. ஆகாத பால எதுக்குக் குடுக்க? நானே பீச்சி ஊத்திட்டேன்."

கொட்டாங்கச்சி ஒன்று பக்கத்தில் கிடந்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான். உச்சியில் விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இதை அக்காளிடம் அப்படியே சொன்னேன். அக்காள் பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 4, வெள்ளி

இன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. யார் வீட்டில் தாளித்தாலும் கேட்டது. தறிக்காரர்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மதினி பையனைக் கொண்டு வந்து உள்ளே விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்கள். உள்ளே நான் அவனை மடியில் போட்டுச் சங்கை வைத்தேன். பால் கடைவாய் வழியாக வழிந்து என் கையில் ஓடியது. இன்னொரு தடவை வைத்தேன். உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தேன். அவன் முழிக்கவில்லை. கை கால் ஜில்லென்று இருந்தது. "அக்கா" என்றேன். அக்காள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நடந்தது எனக்கு வரிசையாக நினைவில்லை. சங்கு என் கையில் இருந்தது, கதவு திறந்திருந்தது. அக்காள் சொல்வதைத்தான் எழுதுகிறேன். "மதினி, எங்கக்காளுக்குப் பால் இல்ல. நீங்க மெச்சினதெல்லாம் டின் பாலு. இவனுக்கும் அதத்தான் குடுத்தேன். இப்போ அதையும் குடிக்க மாட்டேங்கான். ஆஸ்பத்திரிக்குப் போகணும், வெங்காயத்தப் போட்டுட்டு எந்திரிங்க" என்று சொன்னேனாம். எந்திரிங்க என்று மதினியைப் பார்த்து நான் சொல்லியிருப்பேனா? அக்காள் சத்தியம் செய்கிறாள். தெருக்கோடியில் இருந்த அத்தானுக்கே கேட்டதாம்.

மதினி எழுந்திருக்கவில்லை. உரித்த வெங்காயம் கையிலிருக்க என்னைப் பார்த்தபடியே இருந்தார்கள். அப்போது அக்காள் வெளியே வந்தாள். "ஆமா மதினி. நிசம்தான். எம்மேல உள்ள கோவத்த அப்புறம் காட்டுங்க" என்றாள். அதன் பிறகுதான் எழுந்தார்கள். எழுந்ததும் ஓடினார்கள்.

கிட்டம்மாளின் மகன் ஆட்டோவை எடுத்தான். சங்கரி செருப்பில்லாமல் வந்து ஏறினாள். நல்ல வேளை, எஸ்தர் சிஸ்டர் டூட்டியில் இருந்தார். பையனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கையில் குழாய் போட்டார்கள். உடம்பில் நீர்ச்சத்தும் சர்க்கரையும் இறங்கிவிட்டது என்றார்கள். சங்கரி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் தோள் அவளுக்குப் போதுமான உயரத்தில் இருந்ததில் எனக்குச் சந்தோசம். அந்த நேரத்தில் இப்படி நினைத்தது சரியா என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பையன் பிழைத்துக்கொண்டான்.

எஸ்தர் சிஸ்டர் சங்கரியை உட்கார வைத்து, பிள்ளையை எப்படிப் பிடிப்பது, வாயை எவ்வளவு திறக்க வைத்து மாரில் போடுவது என்று காட்டினார். இத்தனை நாளும் அவன் காம்பு நுனியை மட்டும் கவ்விக்கொண்டு, ஒன்றும் வராமல் களைத்துத் தூங்கியிருக்கிறான். சங்கரிக்குப் பால் தாராளமாக இருக்கிறது. அவனுக்கு உறிஞ்சத் தெம்பு வரும்வரை அதைப் பீச்சிச் சங்கில் கொடுக்கச் சொன்னார்.

மதினி பக்கத்தில் நின்றார்கள். சிஸ்டர் அவர்களிடம், "ஊறாதவளுக்கு ஊறுதுன்னீங்க, ஊறுறவளுக்கு ஊறலைன்னீங்க. யாராவது அவங்கள உக்கார வச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மதினி பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பால்சுறா வாங்க அவர்கள்தானே விடியுமுன் ஆள் அனுப்பினார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

மதினி இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்காள் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் வாசலைப் பார்க்கிறாள். கிட்டம்மாள் வந்தார்கள். எங்கே குத்திக் காட்டுவார்களோ என்று நான் அடுப்படியிலேயே நின்றேன். அவர்கள் குரலைத் தாழ்த்தி, "எம்மவனுக்கும் டின் பால்தாம்மா. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது" என்றார்கள். ஆட்டோ ஓட்டி வந்தானே, அவன்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

ஜூலை 10, வியாழன்

மதினி வந்துவிட்டார்கள். தெருமுனைக் கடையில் டின் வாங்கி, பையில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடு வெயிலில் வந்தார்கள். வழியில் யாரோ, "என்ன பூரணம், பேரனுக்கா?" என்று கேட்க, "எந்தம்பி மவளுக்கு. உனக்கும் வேணுமா?" என்று கேட்டார்களாம்.

டின்னை அக்காள் முன்னால் வைத்தார்கள். "நீ எங்கிட்ட சொல்ல முடியாத மாதிரி நான் இருந்திருக்கேன் பாரு" என்றார்கள். அக்காள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மதினி என் பக்கம் திரும்பி, "ஏட்டி, என்னையவா எந்திரிங்கன்னு சொன்ன?" என்றார்கள். நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அவர்கள் சிரித்தது அங்கே கேட்டது. அப்படியானால் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

சங்கரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். சாயங்காலம் பையனைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். மதினி வாசலில் கிட்டம்மாளோடு இருந்தார்கள். அக்காள் முன்னறையில் எங்கள் பிள்ளைக்குச் சங்கில் கொடுத்துக்கொண்டிருந்தாள். சங்கரியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இரு அத்தை" என்று சொல்லிச் சங்கரி எதிரில் உட்கார்ந்தாள். பிறகு, "எங்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உம்பேரச் சொல்லிச் சொல்லி எங்கம்மா என்னைய வஞ்சா. உன்னைய எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? எம்பிள்ள போயிருப்பான் அத்தை" என்றாள்.

அக்காள் தலை நிமிரவில்லை. கண்ணீர் பிள்ளையின் சட்டையில் விழுந்தது. "தப்புதான் சங்கரி" என்றாள்.

"தப்புதான்" என்றாள் சங்கரியும். அவள் குரலில் கோபம் போகவில்லை. ஆனாலும் கையை நீட்டி அக்காளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "போதும், அழாத. இருக்குற நாலு சொட்டும் வத்திரும்."

அக்காள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்துச் சங்கரிக்கும் சிரிப்பு வந்தது. "என்னட்டி சிரிப்பு அங்க?" என்று மதினி எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சத்தத்தில் பையன் விழித்தான். விழித்ததும் அழத் தொடங்கினான். முதலில் சிணுங்கல்தான். பிறகு முகம் சிவந்து, இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு, தறிச் சத்தத்தையும் மீறி ஒரு வீறல். பிறந்ததிலிருந்து அவன் இப்படி அழுது நான் கேட்டதில்லை. "யாத்தே, என்ன தொண்டை" என்றார்கள் மதினி. "அய்யாவுக்கு அவசரத்தப் பாரு" என்று சங்கரி சேலையை விலக்கினாள்.

"அழுடா. இன்னும் நல்லா அழு" என்றேன் நான். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.